நிலத்தடி நிலையங்களும் மக்கள் கூட்டமும்



தைப்பூச நாளில் பத்துமலைக்குச் சென்று வந்தவர்களுக்குக் கூட்டம் என்றால் என்ன என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 272 படிகள். ஏறுவோர் ஒரு பக்கம், இறங்குவோர் ஒரு பக்கம், காவடி சுமப்போர் நடுவில். நம் கால் நாம் நினைத்த இடத்தில் படுவதில்லை. கூட்டம் கொண்டுபோய் வைக்கும் இடத்தில் படுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை நாம் காணும் இந்த நெரிசலைப் பெரிய நகரங்களின் இரயில் நிலையங்களில் மக்கள் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் காண்கிறார்கள். தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்ற நம் பிள்ளைகள் பலரும் அவர்களுள் அடங்குவர்.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே படிக்கட்டில் இறங்கி, ஒரே வாசலில் ஏறி, அடிபடாமல் வீடு திரும்புகிறார்களே, இது எப்படி நடக்கிறது? இந்த நிலைக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று. இடையில் பல உயிர்களும் போயின. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். பார்க்கும்போது ஒரு கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் மக்கள் விழுந்து மடிந்தால், குற்றம் கூட்டத்தினுடையதா, அல்லது அந்தப் படிக்கட்டைக் கட்டியவர்களுடையதா?

உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் இலண்டனில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடிங்டன் என்னும் இடத்திலிருந்து பாரிங்டன் வரை ஓடிய அந்த வண்டியில் முதல் நாளே ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தார்கள். இழுத்தது நிலக்கரி எஞ்சின்; வெளிச்சம் தந்தது எரிவாயு விளக்கு. சுரங்கத்திற்குள் புகையும் கந்தக நெடியும் சூழ்ந்திருந்தன. அப்படியிருந்தும் மக்கள் முண்டியடித்து ஏறினார்கள். மேலே தெருவில் குதிரை வண்டிகளின் நெரிசல் அதைவிட மோசமாக இருந்தது.

மின்சார இரயில் 1890இல் வந்த பிறகு சுரங்கங்கள் இன்னும் ஆழமாகத் தோண்டப்பட்டன. ஆழத்திலிருந்து மக்களை மேலே கொண்டுவர மின்தூக்கிகள் வைத்தார்கள். ஆனால் மின்தூக்கி, கதவு திறக்கும்வரை ஆட்களை நிறுத்தி வைத்து, ஒரு கூட்டத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போகும். மற்றவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அடைப்பு தீரவில்லை. அதற்கு விடையாக 1911ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் நகரும் படிக்கட்டு வந்தது. அது யாரையும் காக்க வைப்பதில்லை; ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. பயந்தவர்கள் வலப்பக்கம் நிற்கவும், அவசரக்காரர்கள் இடப்பக்கம் ஏறிப் போகவும் ஒரு வழக்கம் அங்கே வேரூன்றியது. இந்த வழக்கத்திற்குப் பின்னால் நாம் திரும்பி வருவோம்.

இப்போது 1943ஆம் ஆண்டுக்குச் செல்வோம். இங்கே நாம் சற்று நின்றுதான் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மலாயாவில் நம் மக்கள் சப்பானியர் ஆட்சியில் அல்லல்பட்ட அதே நாட்கள். இலண்டனின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிரீன் என்றொரு வட்டாரம். கப்பல் துறையிலும் ஆலைகளிலும் பாடுபட்ட ஏழை மக்கள் வாழ்ந்த இடம். அங்கே ஒரு நிலத்தடி நிலையம் கட்டி முடிக்கப்படாமல் போரினால் நின்றுபோயிருந்தது. தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை. 1940 முதல் அந்தச் சுரங்கத்தை மக்கள் குண்டுவீச்சிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாகப் பயன்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் தங்கும் அளவுக்கு உள்ளே படுக்கைகள் போடப்பட்டிருந்தன. ஆனால் உள்ளே போவதற்குத் தெருவிலிருந்து ஒரே ஒரு வாசல். அதில் 19 படிகள். அந்தப் படிக்கட்டின் நடுவில் கைப்பிடி கிடையாது. படியின் ஓரங்களில் வெள்ளைக்கோடு கிடையாது. விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்பதால் மங்கலான ஒரே ஒரு விளக்கு.

மார்ச்சு 3ஆம் நாள் இரவு 8 மணி 17 நிமிடத்திற்கு அபாயச் சங்கு ஊதியது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் பிரிட்டிசு விமானங்கள் பெர்லின் நகரைத் தாக்கியிருந்தன. பதிலடி வரும் என்று மக்கள் எதிர்பார்த்திருந்தார்கள். பிள்ளைகளையும் போர்வை மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து படியிறங்கினார்கள். மழை பெய்திருந்ததால் படிகள் ஈரமாக இருந்தன. பத்து நிமிடம் சென்றிருக்கும். பக்கத்திலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து மக்கள் அதுவரை கேட்டிராத ஒரு பேரோசை எழுந்தது. பகைவர் விமானங்களை வீழ்த்த அங்கே புதிதாக வைத்திருந்த ஏவுகணைகளின் ஓசை அது. மேலே தெருவில் நின்றவர்கள் குண்டு விழுகிறது என்று எண்ணி விரைந்து உள்ளே வந்தார்கள். அதே நேரத்தில் கீழ்ப்படிக்கு அருகில் ஒரு பெண் கால் இடறி விழுந்தார்.

அவர்மேல் அடுத்தவர் விழுந்தார். அவர்மேல் இன்னொருவர். கீழே ஆள் விழுந்து கிடப்பது மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டு. அவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சிறிது நேரத்திற்குள் ஏறத்தாழ 300 பேர் அந்தச் சிறு படிக்கட்டுக்குள் அடுக்கி வைத்ததுபோல் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 173 பேர். அவர்களில் 84 பேர் பெண்கள், 62 பேர் குழந்தைகள், 27 பேர் ஆண்கள். மூச்சு விட முடியாமல் மடிந்தவர்கள் அவர்கள். அன்றிரவு அந்த வட்டாரத்தில் ஒரு குண்டும் விழவில்லை.

அரசாங்கம் ஒரு நீதிபதியை வைத்து விசாரித்தது. அவருடைய அறிக்கையைப் போர் முடியும் தறுவாய் வரை, 1945 வரை, வெளியிடவில்லை. பகைவருக்கு நம் பலவீனம் தெரியக்கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். வெளிவந்த அறிக்கை, மக்கள் சிலர் நிதானத்தை இழந்ததே முக்கியக் காரணம் என்றது. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண் உள்ளூர் நகராட்சிமேல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. அங்கே மக்கள் வெறிகொண்டு ஓடவில்லை. படிக்கட்டுதான் ஆபத்தான நிலையில் இருந்தது என்றது. நகராட்சியின் பக்கமும் ஒரு செய்தி இருந்தது. அந்த வாசலைப் பலப்படுத்தப் பணம் வேண்டும் என்று 1941இலேயே அது மேலதிகாரிகளைக் கேட்டிருந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். போர்க்கால இரகசியம் என்பதால் இதை வெளியே சொல்லவும் வழியில்லாமல், ஊராரின் பழியைச் சுமந்துகொண்டு நகராட்சி வாய்மூடி இருந்தது.

விபத்து நடந்த சில நாட்களிலேயே அந்தப் படிக்கட்டின் நடுவில் கைப்பிடி போட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் செய்திருக்கக் கூடிய வேலை அது.

நேயர்களே, தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இந்தக் கதை புதிதன்று. விடியற்காலை இருட்டில் பால்வாளியோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்தால், "ஆள் பார்த்து நடக்கவில்லை" என்பார்கள். சரிவில் படி வெட்டாததைப் பற்றிப் பேச்சு வராது. இலண்டனிலும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே கூட்டத்தின்மேல் பழி போடுவது எல்லாக் காலத்திலும் சுலபமாக இருந்திருக்கிறது. 1999ஆம் ஆண்டு மே மாதம் பெலாருசின் தலைநகரான மின்சுக்கில் திடீர் மழைக்கு ஒதுங்க ஓடிய கூட்டம் ஒன்று நியாமிகா நிலத்தடி நிலையத்தின் வழுக்கும் படிகளில் விழுந்து 53 பேர் மாண்டபோதும், இறங்கியவர்கள் தெருவிலிருந்து வந்த சாதாரண மக்களே, பெரும்பாலும் இளம்பெண்கள்.

போருக்குப் பின் கூட்டத்தைப் பழிப்பதை விட்டு அதை அளந்து பார்க்கச் சிலர் முன்வந்தார்கள். இலண்டன் நிலத்தடி நிலையங்களில் மக்கள் நடப்பதை ஆராய்ந்து ஹாங்கின், ரைட் என்னும் இருவர் 1958இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சமதரையில் போகும் கூட்டம் அதே அகலமுள்ள படிக்கட்டுக்கு வந்ததும் மெதுவாகிவிடும் என்பதை அளந்து காட்டினார்கள். நமக்குத் தெரிந்த விசயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு நிலையம் கட்டுகிறவர் வழியின் அகலத்தையே படிக்கும் கொடுத்தால், படியின் அடியில் ஆட்கள் தேங்குவார்கள் என்று இதனால்தான் உறுதியாகக் கணக்குப் போட முடிந்தது.

1971இல் ஜான் புருயின் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் நடைபாதைகளை வடிவமைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். நியூயார்க் துறைமுக ஆணையத்தில் வேலை செய்தவர் அவர். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடத்தைச் சதுர அடியில் அளந்து, நடையின் வசதியை ஆறு தரங்களாகப் பிரித்தார். அவருடைய கணக்கை நாம் பாய்க் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஆறடி நீளம் மூன்றடி அகலமுள்ள பாய் 18 சதுர அடி. நடப்பவர் ஒருவருக்கு இரண்டு பாய் அளவு இடம் கிடைத்தால் அவர் விரும்பிய வேகத்தில், விரும்பிய பக்கம் நடக்கலாம். இது முதல் தரம். பாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 5 சதுர அடிக்கும் கீழே போனால், கால் தூக்கி நடக்க முடியாது. தரையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர முடியும். இது கடைசித் தரம்.

அதற்கும் கீழே ஒரு நிலை உண்டு. பின்னாளில் புருயின் அதையும் விளக்கினார். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் நின்றால், அதாவது ஒரு பாயின்மேல் பதினொன்று பன்னிரண்டு பேர் நின்றால், அது மனிதர் கூட்டமாக இருப்பதில்லை, தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் தள்ளினால் அலை எழுந்து மறுபக்கம் போகிறது. கால் தரையைவிட்டுத் தூக்கப்படும். ஆள் நின்றபடியே மூச்சு முட்டி இறக்க நேரும். அப்போது எவ்வளவு நல்லவரும், எவ்வளவு பொறுமைசாலியும் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பெத்னல் கிரீனில் நடந்ததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அந்த நிலை வருவதற்கு முன்பே, தெருவிலேயே, வாசலிலேயே ஆட்களை நிறுத்த வேண்டும். இன்று பெரிய நிலையங்களில் கூட்டம் அதிகமானால் சிறிது நேரம் நுழைவாயிலை மூடி வைக்கிறார்கள். அவசரமாகப் போகிறவருக்கு எரிச்சல் வரும். மூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆசியாவில் முதல் நிலத்தடி இரயில் 1927ஆம் ஆண்டின் கடைசியில் தோக்கியோவில் ஓடியது. போருக்குப் பின் அந்த நகரம் வீங்கியது. 1955இல் சின்சுகு இரயில் நிலையத்தில் ஆட்களைப் பெட்டிக்குள் தள்ளுவதற்கென்றே பகுதிநேர ஊழியர்களை வைத்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள். மக்கள் அவர்களைத் "தள்ளுபவர்" என்றே அழைத்தார்கள். வெள்ளைக் கையுறை அணிந்து, வணக்கம் சொல்லிவிட்டு, முதுகில் கைவைத்து அழுத்துவார்கள்.

சப்பானியர்கள் நெரிசலை அளக்க ஒரு வேடிக்கையான அளவுகோல் வைத்திருந்தார்கள். பெட்டியில் நெரிசல் 150 விழுக்காடு என்றால், செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்து வைத்துச் சிரமப்பட்டுப் படிக்கலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு இடிக்கும். வார இதழ் அளவுள்ள புத்தகத்தை எப்படியோ பார்க்கலாம். 250 என்றால் கையைக்கூட அசைக்க முடியாது. 1975இல் தோக்கியோவின் முக்கியத் தடங்களில் காலை நேரச் சராசரி 221 விழுக்காடு! 2019இல் அது 163ஆக இறங்கியிருந்தது. தள்ளுபவர்களால் இறங்கவில்லை. புதுத் தடங்கள் போட்டார்கள், வண்டியில் பெட்டிகளைக் கூட்டினார்கள், புறநகர் வண்டியே நேராக நிலத்தடிப் பாதைக்குள் நுழைந்து ஓடும்படி செய்தார்கள். வண்டி மாற இறங்கும் கூட்டம் அதனால் குறைந்தது. தள்ளுபவர்களின் படம்தான் உலகமெங்கும் பரவியது. தடம் போட்டவர்களின் படத்தை யாரும் பார்க்கவில்லை.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் பெருவிரைவு இரயில் 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு தொடங்கியது. நிலையங்களில் அறிவிப்புப் பலகைகள் நான்கு மொழிகளில். தமிழும் அவற்றுள் ஒன்று. நிலத்தடி நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்திற்கும் இடையே கண்ணாடிச் சுவரும், வண்டி வந்து நின்றபின் மட்டுமே திறக்கும் கதவுகளும் அமைத்தார்கள். இத்தகைய கதவு முதன்முதலில் வந்தது வெயில் நாட்டில் அன்று. 1961இல் இரசியாவின் லெனின்கிராட்டில் ஒரு நிலையத்தில் இரும்புக் கதவுகள் வைத்தார்கள். மக்கள் அதைப் "படுத்த மின்தூக்கி" என்று கேலி செய்தார்கள். சிங்கப்பூருக்குப் பெரிய காரணம் வெப்பம். குளிரூட்டிய காற்று சுரங்கத்திற்குள் ஓடிவிடாமலும், வண்டி தள்ளிக்கொண்டு வரும் சூடான காற்று நடைமேடைக்கு வராமலும் கதவு தடுத்தது. கூடவே, நெரிசலில் எவரும் தண்டவாளத்தில் விழாமலும் காத்தது. வெட்டவெளியில் உள்ள மேம்பால நிலையங்களுக்குக் குளிரூட்டும் தேவை இல்லாததால் அங்கே கதவு போடவில்லை. ஆட்கள் தண்டவாளத்தில் விழும் சம்பவங்கள் நடந்த பிறகு, 2008இல் முடிவெடுத்து, 2012க்குள் எல்லா மேம்பால நிலையங்களிலும் இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த தடுப்புக் கதவுகளைப் பொருத்தினார்கள். உயிரைக் காக்கும் பொருள் முதலில் காற்றைக் காக்க வந்தது என்பது நமக்குச் சற்று நெருடலாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் இரயில் தொடங்கிப் பதினொரு நாள் கழித்து, 1987 நவம்பர் 18ஆம் நாள், இலண்டன் கிங்சு கிராசு நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் தீப்பிடித்தது. எரியும் தீக்குச்சி ஒன்று இடுக்கில் விழுந்து, அடியில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் குப்பையிலும் பற்றியது. வேறொரு படிக்கட்டு வழியாக மேலே அனுப்பப்பட்ட பயணிகள் சீட்டுக் கூடத்திற்கு வந்தபோது தீ அங்கே பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். அப்படிக்கட்டுகளில் சிறு தீ அதற்கு முன்பும் பலமுறை பிடித்திருந்தது. அதைத் தீ என்று சொல்லாமல் "புகைச்சல்" என்று எழுதி வந்திருந்தார்கள். அங்கேயும் பயணிகள் சொன்ன வழியில்தான் சென்றார்கள்.

இனி, படியில் எந்தப் பக்கம் நிற்பது என்ற பழைய பேச்சு. இலண்டனில் வலப்பக்கம், தோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் நம் கோலாலம்பூரிலும் இடப்பக்கம் நிற்பது வழக்கம். மறுபக்கத்தை நடப்பவர்களுக்கு விடுகிறோம். இது நாகரிகம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் 2015இலும் 2016இலும் இலண்டன் ஹோல்பர்ன் நிலையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அந்தப் படிக்கட்டு மிக நீளமானது. அவ்வளவு தூரம் நடந்து ஏற ஆள் குறைவு; எனவே பாதிப் படி வெறுமையாக ஓட, அடியில் நீண்ட வரிசை நின்றது. இரு பக்கமும் நிற்கச் சொன்னபோது நெரிசல் நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலான ஆட்களை அதே படி ஏற்றியது. நின்றவர்களுக்கு நன்மை, நடந்து பழகிய சிலருக்குக் கோபம். சோதனை முடிந்ததும் பழைய வழக்கமே திரும்பியது. சப்பானில் சைத்தாமா மாநிலம் 2021இலும், நகோயா நகரம் 2023இலும் நகரும் படியில் நடக்கக் கூடாது, நிற்க வேண்டும் என்று சட்டமே போட்டன. தண்டம் கிடையாது. ஒரு கை மட்டும் வழங்கும் முதியவர் எந்தப் பக்கக் கைப்பிடியையும் பிடித்து நிம்மதியாக நிற்கலாம் என்பது அதன் பயன்களுள் ஒன்று.

கோலாலம்பூரில் இலகு இரயில் 1996 டிசம்பர் 16ஆம் நாள் சுல்தான் இசுமாயில் நிலையத்திற்கும் அம்பாங்கிற்கும் இடையே ஓடத் தொடங்கியது. இரண்டாவது தடம் 1998இல் வந்தது; ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டி அது. அதன் நிலத்தடி நிலையங்களுக்குக் கண்ணாடிக் கதவுகள் உண்டு. ஆனால் தொடக்கத்தில் ஒரு வண்டிக்கு இரண்டே பெட்டிகள். காலையில் நடைமேடையில் நிற்பவர்கள் ஒன்றிரண்டு வண்டிகளை விட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. நான்கு பெட்டி வண்டிகள் 2009ஆம் ஆண்டு இறுதியில்தான் வந்தன. 2016 டிசம்பரில் சுங்கை பூலோவிலிருந்து ஓடத் தொடங்கி, 2017 சூலையில் காசாங் வரை நீண்ட பெருந்தடத்தில் எல்லா நிலையங்களுக்கும் தடுப்புக் கதவுகள் தொடக்கத்திலேயே அமைந்தன. அந்த வழியில் போகிறவர்கள் தரையில் வரைந்துள்ள அம்புக்குறிகளைக் கவனித்திருப்பார்கள். இறங்குவோருக்கு நடுவழி, ஏறுவோர் இரு ஓரமும் நிற்க வேண்டும். இறங்குவோர் வெளியே வந்தால்தான் உள்ளே இடம் பிறக்கும். அவர்களை மறித்து நின்றால் கதவு மூடத் தாமதமாகும். அந்தத் தாமதம் பின்னால் வரும் வண்டிகளுக்கெல்லாம் போய்ச் சேரும்.

முதல் இரண்டு தடங்களையும் வெவ்வேறு நிறுவனங்கள் கட்டின. அவை சந்திக்கும் இடம் மஸ்ஜித் சமேக். ஒன்று நிலத்தடியில், மற்றொன்று தரைக்கு மேலே. இடையே வழி இல்லை. ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பியவர் முதல் நிலையத்தைவிட்டு வெளியேறி, மறு நிலையத்திற்குப் போய், மறுபடி வரிசையில் நின்று புதுச் சீட்டு வாங்கி உள்ளே நுழைய வேண்டும். மூட்டையும் பிள்ளையுமாக ஊரிலிருந்து வரும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொல்லை! இரண்டு தடங்களும் 2002க்குள் அரசாங்க நிறுவனம் ஒன்றின் கைக்கு வந்துவிட்டன. அப்படியும் அந்த இரண்டு சீட்டு வரிசையும் ஒன்பது ஆண்டு நின்றன. 2011 நவம்பர் 28ஆம் நாள் தடுப்புகளை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே நிலையமாக இணைத்தார்கள். இன்று அங்கே இறங்குகிறவர் ஒரே சீட்டோடு படியேறி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம்.